கோணல் அலகுக் கோழியின் முட்டையை அடைவைக்கலாமா?

ஒரே தாய், ஒரே அடை, ஒரே தீவனம். பொரிந்த பத்துக் குஞ்சுகளும் முதல் நாளில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. மூன்றாவது வாரத்தில் ஒரு குஞ்சின் மேல் அலகு மட்டும் ஒரு நூல் இடப்பக்கமாக விலகியிருப்பது கண்ணில் படுகிறது. இரண்டு மாதத்தில் மேல் அலகு ஒரு பக்கமும் கீழ் அலகு இன்னொரு பக்கமுமாகக் குறுக்கே நிற்கின்றன. கூடப் பிறந்தவை தரையில் சிந்திய குருணையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போகும்போது, இது கொத்துகிறது, மணி நழுவுகிறது, மறுபடி கொத்துகிறது. கடைசியில் தலையைச் சாய்த்து, அலகின் பக்கவாட்டால் தீவனத்தை வாரி எடுக்கப் பழகிக்கொள்கிறது.

வளர்ப்பவருக்கு மனசு கேட்கவில்லை. ஆழமான கிண்ணத்தில் ஈரத் தீவனம் வைத்துக் காப்பாற்றிவிடுகிறார். மெலிந்த உடம்போடு அதுவும் வளர்ந்து, ஒரு நாள் முட்டையிடுகிறது. இப்போதுதான் கேள்வி எழுகிறது: இந்த முட்டையை அடைவைக்கலாமா? வைத்தால் கோணல் அலகு குஞ்சுகளுக்கும் போகுமா? வைக்காமல் விட்டால் அந்தக் குறை மந்தையை விட்டுப் போய்விடுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு அநேகமாக எல்லாருமே ஒரு பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதில்தான் மரபியலின் சுவாரசியம் இருக்கிறது.

தாடிக்கோழியும் அதன் அலகும்

இந்தக் கேள்வியை ஆற அமர ஆராய்ந்து பார்த்த நாடு சுவிட்சர்லாந்து. அதன் கிழக்கே அப்பென்செல் என்ற மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் உருவான உள்ளூர்க் கோழி இனம் அப்பென்செல்லர் பார்ட்ஹூன். தாடிக்கோழி என்று நாம் சொல்லலாம். கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் அடர்ந்த இறகு, தலையோடு படிந்த சின்ன ரோஜாக் கொண்டை. தாடைக்குக் கீழே தொங்கவேண்டிய சிவப்புச் சதை அந்தத் தாடிக்குள் இருக்கிற இடமே தெரியாது. பனி கொட்டும் ஊரில் பெரிய கொண்டை என்றால் உறைந்து கருகிவிடும். அந்தக் குளிருக்கு ஏற்ற தலை இது.

ஆண்டு முழுக்க முட்டையிடும் கலப்பினக் கோழிகள் வந்ததும் இதுபோன்ற உள்ளூர் இனங்கள் அருகிப்போயின. அழியும் நாட்டு இனங்களைக் காக்க 1982இல் தொடங்கப்பட்ட புரோஸ்பெசியேராரா என்ற அமைப்பு தாடிக்கோழியையும் தன் காப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்த இனம் என்பதால் இதில் ஒரு சேவலைக் கழித்தாலும் இழப்பு பெரிது. அந்த இனத்தில்தான் கோணல் அலகு அடிக்கடி தென்பட ஆரம்பித்தது.

சாரா ஜோல்லரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாடிக்கோழிகளில் நூற்றுக்கு ஏழு பறவைகளுக்கு அலகு கோணல் என்று மதிப்பிட்டார்கள். அதே நாட்டின் வேறு இரண்டு உள்ளூர் இனங்களில் விகிதம் இதைவிடத் தெளிவாகக் குறைவு. இந்த ஒப்பீடு முக்கியமானது. நாட்டின் தட்பவெப்பமோ வளர்க்கும் முறையோ மட்டும் காரணமாக இருந்தால் மூன்று இனங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருக்கும்.

ஆனாலும் இது சந்தேகத்தைத்தான் எழுப்பும், உறுதி செய்யாது. ஆகவே இனக்கலப்புச் சோதனை ஒன்றும் செய்தார்கள். கோணல் அலகுச் சேவலையும் கோணல் அலகுப் பெட்டையையும் ஜோடி சேர்த்தார்கள். நேரான அலகுள்ள ஜோடிகளையும் தனியே சேர்த்தார்கள். இரு பக்கத்துக் குஞ்சுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். காரணம் தீவனத்திலோ அடையிலோ மட்டும் இருந்தால், பெற்றோரின் அலகு எப்படி இருந்தாலும் குஞ்சுகளில் விகிதம் மாறியிருக்காது. ஆனால் மாறியது. கோணல் அலகுப் பெற்றோரின் குஞ்சுகளில் கோணல் தெளிவாகக் கூடுதல். அதாவது, இந்த இனத்தில் குறை பெற்றோரிடமிருந்து வருகிறது.

அடுத்து, 77 கோணல் அலகுக் கோழிகளின் தலையை அளந்தார்கள். தலையின் நடுக்கோட்டிலிருந்து அலகு விலகிய கோணம் சிலவற்றில் 1 பாகை. சிலவற்றில் 61 பாகை. ஒரு பாகை விலகலைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். 61 பாகை என்றால் அலகு கிட்டத்தட்டக் காதுப்பக்கம் பார்க்கிறது. 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பறவைகளில் மேல் அலகும் கீழ் அலகும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. மற்றவற்றில் வேறு வேறு விதம். இரண்டு தலைகளை சி.டி. ஸ்கேன் செய்து, பிறகு சதையை நீக்கி எலும்பையும் பார்த்தார்கள். மேல்தாடை எலும்பும் கீழ்த்தாடை எலும்பும் வளைந்திருந்தன. மண்டையோட்டின் மற்றப் பகுதிகள் ஒழுங்காகவே இருந்தன. ஆக, கோணல் அலகின் மேலுறையில் மட்டும் இல்லை, உள்ளே எலும்பிலேயே இருக்கிறது.

ஒரே தலையில் மூன்று பண்புகள்

பெற்றோர் வழியாக வருகிறது என்றால், எந்த மரபணு என்று பிடித்துவிடலாமே? இதற்குத் தாடிக்கோழியின் தலையையே எடுத்துக்கொள்வோம். கொண்டை, தாடி, அலகு என மூன்று பண்புகள் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ரோஜாக் கொண்டையின் கதை மரபியலின் தொடக்கத்தோடு சேர்ந்தது. மெண்டல் பட்டாணியில் கண்ட விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902இல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டைகளை வைத்துத்தான். கலப்பில்லாத ரோஜாக் கொண்டைக் கோழியைச் சாதாரண ஒற்றைக் கொண்டைக் கோழியோடு சேர்த்தால் குஞ்சுகள் அத்தனைக்கும் ரோஜாக் கொண்டை. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒற்றைக் கொண்டை திரும்பி வரும். நூறாண்டு கழித்து, 2012இல், அதன் மூலமும் தெரிந்தது. கோழியின் 7ஆம் குரோமோசோமில் சுமார் 74 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருக்கிறது. அதனால் ஒரு மரபணு தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வேலை செய்யத் தொடங்கி, கொண்டையின் வடிவத்தை மாற்றிவிடுகிறது.

தாடியும் அப்படியே. வழக்கமாக உடம்பின் பிற்பகுதியை ஒழுங்குபடுத்தும் ஒரு மரபணு, தாடியுள்ள கோழிகளில் முகத்துத் தோலிலும் இயங்குகிறது என்று 2016இல் கண்டறிந்தார்கள். ஒரு பண்பு, ஒரு மரபணு மாற்றம். கணக்கு நேராக முடிகிறது.

அலகில் கணக்கு முடியவில்லை. சீனாவின் பெய்ஜிங்-யூ இனக் கோழிகளிலும் கோணல் அலகு உண்டு. அங்கே நடந்த ஆய்வுகள் கெரட்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவைச் சந்தேகப் பட்டியலில் வைத்தன. கெரட்டின் என்பது நகம், இறகு, அலகின் மேலுறை எல்லாவற்றுக்கும் மூலமான புரதம். சுவிஸ் குழுவினர் அந்த மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். கோணல் அலகுக் கோழிகளில் இரண்டு எழுத்து மாற்றங்கள் அதிகம் தென்பட்டன. ஆனால் இரண்டுமே உருவாகும் புரதத்தை மாற்றாத வகை. பக்கத்தில் நின்றவரையெல்லாம் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

பிறகு முழு மரபணுத்தொகையையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். கோணல் அலகுள்ள 53 கோழிகள், நேரான அலகுள்ள 102 கோழிகள். குரோமோசோம்கள் நெடுகப் பல்லாயிரம் இடங்களில் எழுத்துகளை ஒப்பிட்டு, கோணல் அலகுக் கூட்டத்தில் மட்டும் கூடுதலாக வரும் எழுத்து எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் முறை இது. கொண்டையைப் போல ஒரே பெரிய காரணம் இருந்தால் இந்தத் தேடலில் அந்த இடம் தனியாக உயர்ந்து தெரிந்திருக்க வேண்டும். எந்த இடமும் அப்படித் தெரியவில்லை.

பெற்றோரிடமிருந்து வருகிறது, ஆனால் எந்த மரபணுவும் பிடிபடவில்லை. முரணாகத் தோன்றும் இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, அலகு எப்படி உருவாகிறது என்று பார்க்கவேண்டும்.

அலகு உருவாகும் விதம்

அடைவைத்த மூன்றாம், நான்காம் நாளில் கருவின் முகம் என்பது கண்களுக்கு இடையே சில சின்னப் புடைப்புகள்தான். நடுவில் ஒன்று, இருபுறமும் ஜோடி ஜோடியாகச் சில. இவை வளர்ந்து, நகர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித்தான் அலகாகின்றன. இடப்புடைப்பும் வலப்புடைப்பும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் அலகு நேர். ஒரு பக்கம் இம்மி பிந்தினாலும் நுனி மறுபக்கம் சாயும்.

இந்த வளர்ச்சிக்கான கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை 2003இல் ஷ்னைடர், ஹெல்ம்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அழகான ஒரு சோதனையில் காட்டினார்கள். கருவின் நரம்புக்குழாய் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து புறப்பட்டு முகத்துக்கு நகர்ந்து வரும் செல்களை நரம்பு முகட்டுச் செல்கள் என்பார்கள். காடையின் அந்தச் செல்களை எடுத்து வாத்துக் கருவில் வைத்தார்கள். வாத்துக் கருவில் காடையின் சின்னக் கூர் அலகு முளைத்தது. வாத்தின் செல்களைக் காடைக் கருவில் வைத்தபோது தட்டையான வாத்து அலகு வந்தது. அலகின் வடிவத் திட்டம் அந்தச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டே, டார்வினின் குருவிகள் என்று புகழ்பெற்ற கலாபகசுத் தீவுப் பறவைகளை வைத்து இன்னொரு செய்தி வந்தது. பருத்த அலகுள்ள இனங்களின் கருவில் பி.எம்.பி.4 என்ற வளர்ச்சிப் புரதம் முன்னதாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. கோழிக் கருவில் செயற்கையாக அதைக் கூட்டினால் கோழிக்கும் பருத்த அலகு வருகிறது. அலகின் நீளத்துக்கு வேறொரு புரதம் என்று பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை இது. இத்தனை பேர் கை வைக்கும் வேலையில் பிழை நேரவும் பல வழிகள் உண்டு.

அலகு வடிவம் தலைமுறைத் தேர்வுக்கு வளையும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்துக் கண்காட்சிகளில் நல்ல விலைக்குப் போகும் கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள் வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. அங்கே வளைவு கீழ்நோக்கி, இருபுறமும் சமமாக இருக்கிறது. கோணல் அலகில் குலைந்திருப்பது இடவலச் சமநிலை.

குஞ்சு பிறந்தபோது நேராக இருந்த அலகு மூன்று வாரம் கழித்துக் கோணுவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. அடியில் இருக்கும் மிகச் சிறிய சாய்வு, அலகு நீள நீள நுனியில் பெரிதாகத் தெரியும். அதோடு அலகின் மேலுறை நம் நகத்தைப் போலவே வளர்ந்துகொண்டே இருப்பது. கொத்தும்போதும் தரையில் தேய்க்கும்போதும் அது தேய்ந்து அளவாக நிற்கும். மேலும் கீழும் ஒட்டாத அலகில் தேய்மானம் இல்லை. வளர்ந்த நுனி மேலும் விலகும், விலகியதால் மேலும் தேயாது. நுனியைச் செதுக்கிவிட்டால் பறவைக்குத் தீவனம் எடுக்கச் சுலபமாகும். உள்ளே இருக்கும் எலும்பின் கோணல் அதனால் நேராகாது.

மரபு அல்லாத கோணல்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கோணல் அலகும் பெற்றோர் தந்தது அல்ல.

1983இல் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் நீர்ப்பறவைகளின் கருக்கள் கண் இல்லாமலும் அலகு சிதைந்தும் கிடந்தன. வயல்களிலிருந்து வடிந்த நீரில் சேர்ந்திருந்த செலினியம்தான் காரணம். வட அமெரிக்கப் பேரேரிகளில் நீர்க்காகங்களுக்குக் குறுக்கலகு வந்தது. அங்கே ஆலைக் கழிவின் வேதிப்பொருள்கள் மீது சந்தேகம் விழுந்தது. அலாஸ்காவில் 1990களின் கடைசியிலிருந்து சிக்கடி என்ற சின்னப் பறவைகளின் அலகு தாறுமாறாக நீண்டு வளர்ந்தது. நெடுநாள் தேடலுக்குப் பின், 2016இல், அவற்றில் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள்.

கோழி வீட்டிலும் காரணங்கள் உண்டு. தாய்க்கோழியின் தீவனத்தில் பயோட்டின், ஃபோலிக் அமிலம், மாங்கனீசு குறைந்தால் கருவின் அலகு வளையலாம். இன்குபேட்டரின் சூடு 37.5 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கவேண்டும்; முதல் வாரத்தில் அது ஏறிவிட்டால் கண்ணும் அலகும் கெடும் வாய்ப்பு கூடும்.

பார்வைக்கு மரபுக் குறையை அப்படியே ஒத்து, ஆனால் மரபில் இல்லாத குறையைப் போலிப் பண்பு எனலாம். கனெக்டிகட்டில் கோழி மரபியலுக்கே வாழ்நாளைக் கொடுத்த வால்டர் லாண்டவர் இதை முட்டையிலேயே செய்து காட்டினார். வாலில்லாமல் பிறப்பது சில கோழிகளில் மரபு. நல்ல பரம்பரைக் கோழியின் முட்டைக்குள் குறித்த நாளில் இன்சுலினைச் செலுத்தினால் அதிலிருந்தும் வாலில்லாக் குஞ்சு வரும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டாவது குஞ்சின் சந்ததிக்கு வால் இருக்கும்.

போலியை அடையாளம் காண வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரே ஈட்டில் பல தாய்களின் முட்டைகளிலிருந்து ஒரே சமயத்தில் பல கோணல் குஞ்சுகள் வந்தால் சூட்டையும் தீவனத்தையும் பாருங்கள். வெவ்வேறு ஈடுகளில், எல்லாம் ஒழுங்காக இருந்தபோதும், ஒரே ஜோடியின் குஞ்சுகளில் திரும்பத் திரும்ப வந்தால் மரபைப் பாருங்கள்.

வரம்பு தாண்டினால்தான் தெரியும் பண்பு

பெற்றோர் வழி வந்தும் ஒற்றை மரபணுவில் அகப்படாத பண்புகளைப் பற்றி 1934இலேயே சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் எழுதிவிட்டார். கினிப்பன்றிக்குப் பின்காலில் மூன்று விரல்தான் வழக்கம். நான்கு விரலுள்ள ஒரு பரம்பரையை மூன்று விரல் பரம்பரையோடு அவர் கலந்தபோது, முதல் தலைமுறைக்கு மூன்று விரல். அதற்கடுத்த தலைமுறையில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு நான்கு விரல். மெண்டல் கணக்கு அச்சாகப் பொருந்தியது. வேறு யாராவது என்றால் அதோடு நிறுத்தியிருப்பார்கள். ரைட் மேலும் கலந்து பார்த்தார், கணக்கு உடைந்தது. போதாததற்கு, வயது குறைந்த தாய்களின் குட்டிகளில் கூடுதல் விரல் அதிகம் வந்தது. தாயின் வயது மரபணு அல்லவே!

அவர் வந்து சேர்ந்த விளக்கத்தை நம் ஊர்க் கண்மாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கண்மாய்க்குப் பல ஓடைகளிலிருந்து தண்ணீர் வருகிறது. மழையும் நேரே விழுகிறது. மட்டம் கலிங்கின் உயரத்தைத் தாண்டும்வரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தாண்டியதும் கலிங்கு பாய்கிறது. ஓடைகள் என்பவை சிறிது சிறிதாகச் சேரும் பல மரபணுக்கள். மழை என்பது அடைச்சூடு, தீவனம், தாயின் நிலை போன்ற புறக் காரணங்கள். கலிங்கு பாய்வதுதான் நாம் காணும் கோணல் அலகு. பறவைக்குள் சேர்ந்திருக்கும் மட்டத்தை உள்சாய்வு என்றும், இப்படி ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் வெளிப்படும் பண்பை வரம்புப் பண்பு என்றும் சொல்லலாம்.

தாடிக்கோழியின் அலகு இந்த வகைதான் என்று சுவிஸ் ஆய்வு முடித்துச் சொல்லவில்லை; மேலும் ஆய்வு வேண்டும் என்றுதான் நிறுத்திக்கொண்டது. ஆனால் கையில் இருக்கும் சான்றுகள் இந்த விளக்கத்தோடு நன்றாக ஒத்துப்போகின்றன: பெற்றோர் வழி வருவது, ஒற்றை மரபணு அகப்படாதது, 1 பாகையிலிருந்து 61 பாகைவரை விரிந்திருக்கும் அளவு.

இதை ஏற்றால் ஒரு விஷயம் உறைக்கும். கலிங்கு பாயாத கண்மாய் வற்றிய கண்மாய் ஆகாது. கோணல் குஞ்சின் கூடப் பிறந்த ஒன்பது நேரான குஞ்சுகளும் அதே ஓடைகளிலிருந்து நிரம்பியவை. அவற்றில் சில, வரம்புக்கு விரல்கடை கீழே நிற்கலாம். அலகு நேராக இருப்பதால் அவைதான் மந்தையில் முதலிடம் பிடிக்கும். அடுத்த தலைமுறைக்குச் சுமையைக் கடத்துவதும் அவைதான்.

எண்கள் சொல்வது

சரி, விளக்கம் தவறாக இருக்கட்டும். இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால் மட்டும் வெளிப்படும் ஒற்றை ஒடுங்கு மரபணுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். மந்தையில் கலப்பு சீராக நடந்து, நூற்றுக்கு 7 பறவைகளுக்குக் கோணல் என்றால், நேரான அலகோடு அந்த மரபணுவை மறைவாகச் சுமப்பவை ஏறத்தாழ 39. கண்ணில் படும் ஒன்றுக்கு ஐந்துக்கும் மேல் படாதவை! கோணல் பறவைகளை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் தவறாமல் கழித்தால் 7 என்பது அடுத்த தலைமுறையில் 4 சொச்சமாகும், அதற்கடுத்து 3 ஆகும். பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். பத்துத் தலைமுறை கழித்தும் இருநூறுக்கு ஒன்று வந்துகொண்டேயிருக்கும். பல மரபணுக்கள் சேர்ந்த வரம்புப் பண்பிலும் கண்ணில் பட்டதை மட்டும் கழிப்பது இப்படி மெதுவாகத்தான் பலன் தரும்.

அப்படியானால் கோணல் குஞ்சு ஒன்று வந்ததும் பெற்றோர், உடன்பிறப்பு, சித்தப்பா, பெரியப்பா எல்லாரையும் கழித்துவிடலாமா? சின்ன மந்தையில் அது வேறொரு பள்ளத்தில் கொண்டுபோய்த் தள்ளும். இருபது பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கும் மந்தையின் மரபு வளம், ஆணும் பெண்ணும் சரிபாதியாக உள்ள நான்கு பறவை மந்தையின் அளவுகூட இல்லை. அதே இருபது பெட்டைக்கு ஐந்து சேவல் இருந்தால் அது 16 பறவைக்குச் சமம். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலக்கக் கலக்க, மறைந்திருந்த வேறு குறைகள் வெளிவரும், பொரிப்பு குறையும். கோணல் அலகைத் துரத்தப் போய்ப் பொரியாத முட்டையை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும்.

ஒரே ஒரு ஈட்டை வைத்து ஜோடியை எடைபோடுவதும் தவறு. நூற்றுக்கு ஏழு என்ற இனத்தில் ஒரு சராசரி ஜோடிக்கு இருபது குஞ்சு பொரிந்தால், அதில் ஒன்றாவது கோணலாக இருக்க நாலில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒன்று வந்ததும் அந்த ஜோடி மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். பத்துக் குஞ்சும் நேராக வந்தால் ஜோடி சுத்தம் என்றும் நம்பவேண்டாம்; சராசரி ஜோடிக்கே அது பாதிக்குப் பாதி நடக்கும். பல ஈடுகளின் கணக்கு சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

பறவை படும் பாடு

மரபுக் கணக்கு ஒருபுறம் இருக்க, பறவையின் வாழ்க்கையும் இருக்கிறது. அலகு தின்பதற்கு மட்டும் உள்ள கருவி இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்து டேல் கிளேட்டனின் குழு புறாக்களின் மேல் அலகு நுனியில் கீழ்நோக்கி நீண்டிருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் நீட்சியை மட்டும் வெட்டிப் பார்த்தது. புறாக்கள் வழக்கம்போலத் தின்றன. ஆனால் இறகுப் பேன் பெருகிவிட்டது. நுனி மறுபடி வளர்ந்ததும் பேன் குறைந்தது. மேல் நுனியும் கீழ் நுனியும் நேராகச் சந்தித்தால்தான் பேனை நசுக்க முடியும். கோணல் அலகுக் கோழிக்கு அந்த வசதி பிறப்பிலேயே இல்லை. இனச்சேர்க்கையின்போது பெட்டையின் கழுத்து இறகை அலகால் பற்றிக்கொள்ளும் சேவலுக்கும் அது சிக்கல்தான்.

வளைவே குற்றம் என்று சொல்லவும் முடியாது. ஊசியிலைக் காடுகளில் வாழும் குறுக்கலகிக் குருவிகளுக்கு அலகு நுனிகள் குறுக்கே நிற்பதுதான் பிழைப்பு. பைன் கூம்பின் செதிலை நெம்பி விதையை எடுக்க அதுதான் நெம்புகோல். அவற்றின் குஞ்சுகளும் நேரான அலகோடுதான் பிறக்கின்றன. ஆனால் அந்தக் குருவியின் தாடைத் தசையும் நாக்கும் தீனியும் அந்த அலகுக்கு ஏற்றவை. தரையில் மணி பொறுக்கும் கோழிக்கு அப்படி எதுவும் அமையவில்லை.

என்ன செய்யலாம்?

கோணல் அலகுக் கோழி கையில் இருந்தால் வளர்க்கலாம். ஆழமான கிண்ணம், ஈரத் தீவனம், அவ்வப்போது நுனியை மட்டும் செதுக்கல், பேனுக்குப் பார்வை போதும். ரத்தக்குழாய் ஓடும் பகுதிவரை வெட்டிவிடக் கூடாது. முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம். கோணலுக்கும் முட்டையின் தரத்துக்கும் தொடர்பில்லை. தீனி எடுக்கவே முடியாமல் நாளுக்கு நாள் மெலியும் பறவையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி முடிவெடுப்பதே கருணை.

அடைவைக்கும் முடிவுக்கு முன் அடைச்சூட்டையும் தீவனத்தையும் சரிபாருங்கள். அவை ஒழுங்காக இருந்தும் கோணல் வந்தால், அந்தப் பறவையின் முட்டையை அடைவைக்க வேண்டாம். அதன் பெற்றோரை மறுபடி ஜோடி சேர்க்கவேண்டாம். வெவ்வேறு துணையோடு சேர்த்துக் குஞ்சுகளை எண்ணிப் பாருங்கள். எந்தத் துணையோடு சேர்ந்தாலும் கோணல் தொடர்ந்து வரும் பறவையை இனத்திலிருந்து விலக்குங்கள். நேரான உடன்பிறப்புகளை ஒதுக்கித் தள்ளவேண்டியதில்லை. ஆனால் வேறு நல்ல குடும்பத்துப் பறவை இருக்கும்போது அவற்றை முன்னால் நிறுத்தவும் வேண்டாம். தங்களுக்குள் ஜோடி சேர்ப்பது கூடவே கூடாது. சேவல்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள். அரிய இனமாக இருந்தால் வேறு ஊரில் வளர்ப்பவரோடு சேவல் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் தேவை காலில் ஒரு வளையமும் ஒரு நோட்டும்தான். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது, எந்த ஈட்டில், எத்தனையாவது வாரத்தில் அலகு கோணியது என்று எழுதிவைத்தால் போதும். கோழியைப் பார்த்து எடுக்கும் முடிவைவிட அதன் குடும்பத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு நல்லது. நோட்டு இல்லாதவருக்குக் குடும்பம் தெரியாது.